ஆயில் போல்ட் வழுக்கும்போது

எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு அடிப்போல்ட்டைத் திரும்ப முடுக்கும்போது, ஸ்பேனர் இறுகிக்கொண்டே வந்து கடைசிக் கால் சுற்றில் திடீரென்று இளகும். கையில் அந்த இளக்கம் தெரிந்ததுமே மெக்கானிக்குக்கு விஷயம் புரிந்துவிடும்: மரை போய்விட்டது. போல்ட்டைக் கழற்றினால் அதன் பள்ளங்களுக்குள் வெள்ளி நிறத்தில் மெல்லிய அலுமினியச் சுருள் ஒன்று சிக்கிக்கொண்டு வரும். துளைக்குள் இருந்த மரைதான் அது, வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. இதற்குச் சொல்லப்படும் வைத்தியங்களும் ஏராளம். டெஃப்லான் டேப் சுற்று, எம்-சீல் வை, ஒரு சைஸ் பெரிய போல்ட் போடு, ஹெலிகாயில் போடு, லேத்தில் புஷ் கடைந்து அடி, ஆர்கான் வெல்டிங் வைத்து அடை, ஆயில் நிற்கும் சேம்பரையே மாற்று. ஒவ்வொன்றுக்கும் சத்தியம் செய்ய ஒரு மெக்கானிக் இருப்பார். எது மலிவு, எது வலு என்று மட்டும் பார்த்து இவற்றை வரிசைப்படுத்துவது சரிப்படாது என்பது என் எண்ணம். மரையைச் சுற்றியிருக்கும் உலோகம்தான் இங்கே முதல். அதில் எவ்வளவை ஒரு வைத்தியம் தின்கிறது, அது தோற்றுப்போனால் அடுத்த வைத்தியத்துக்கு எவ்வளவு இடம் மிச்சம் வைக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நாம் பேசுவது எவ்வளவு சிறிய விஷயம் என்பதை அளவுகளே சொல்லும். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் 100 சிசி பைக்குகள் பலவற்றில் ஆயில் போல்ட் எம் 12. பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே உள்ள தூரம், 1.5 மி.மீ. கார்களில் எம் 14 × 1.5 அதிகம், ஜப்பானிய வழி வந்தவற்றில் எம் 12 × 1.25 உண்டு. 1.5 பிட்ச் உள்ள துளையில் மரையின் ஆழம் 0.8 மி.மீ.தான், 1.25 என்றால் 0.7 கூட இல்லை. ஆயில் முழுவதையும் தாங்கி நிற்பது இந்த முக்கால் மில்லிமீட்டர் அலுமினிய விளிம்பு. அதிலும் பாரம் எல்லா மரைகளிலும் சமமாக விழுவதில்லை. போல்ட் தலைக்கு அடுத்திருக்கும் முதல் மரையே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது, உள்ளே போகப்போகப் பங்கு குறையும். முதல் மரை அறுந்தால் அதன் சுமை இரண்டாவதன் தலையில், அதுவும் போனால் மூன்றாவதன் தலையில். ஸ்பேனர் படிப்படியாக இளகாமல் சட்டென்று இளகுவது இதனால்தான்.

எஃகுக்குள் எஃகு போல்ட் போகும்போது, போல்ட்டின் விட்டம் அளவுக்கு மரை பிடித்திருந்தால் போதும் என்பது பொறியியலில் பொது விதி. அலுமினியத்தில் அதுபோல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வேண்டும். எம் 14 போல்ட்டுக்கு 21 மி.மீ.க்கு மேல் என்று ஆகிறது. சேம்பரின் அடியில் அவ்வளவு தடிமன் வைக்கப் பெரும்பாலும் இடம் இருக்காது. எனவே வடிவமைக்கும்போதே இது பலவீனமான இணைப்பு. இந்தப் போல்ட்டுக்குக் கையேடுகளில் குறைந்த முறுக்கு அளவே தந்திருப்பதும் அதனால்தான்: பைக்குகளில் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர், கார்களில் 30 முதல் 45 வரை.

இந்த எண்ணைக் கையளவில் சொல்கிறேன். 25 செ.மீ. நீளமுள்ள ரிங் ஸ்பேனரின் நுனியில் 12 கிலோ அளவுக்கு அழுத்தினால் ஏறத்தாழ 30 நியூட்டன் மீட்டர். அந்த முறுக்கே எம் 14 போல்ட்டை ஒரு டன் விசையோடு இழுத்துப் பிடிக்கும். மரையில் ஆயில் படிந்திருந்தால் உராய்வு குறைந்து, அதே முறுக்குக்கு இழுவிசை இன்னும் கூடும். அதே ஸ்பேனரைக் காலால் மிதித்தாலோ குழாய் செருகி நீட்டினாலோ 40 கிலோ எளிதாக விழும், இழுவிசை மூன்று டன்னைத் தாண்டும். 'லீக் ஆகக் கூடாது, நல்லா டைட் வை' என்று வண்டிக்காரரே பக்கத்தில் நின்று சொல்வார். பாதி மரைகள் போனது அந்த அன்பால்தான்.

ஆயில் கசியாமல் தடுப்பது மரையின் வேலையே அல்ல. இந்தப் போல்ட்டில் இருப்பது நேர் மரை. அதன் இடுக்குகளில் ஆயில் எப்போதும் வந்து நிற்கும். அடைப்பது தலைக்கும் சேம்பர் முகத்துக்கும் நடுவே நசுங்கும் வாஷர். செம்போ அலுமினியமோ ஒருமுறை நசுங்கிவிட்டால் கெட்டிப்பட்டுவிடும். அடுத்த முறை அதே வாஷரை வைத்தால் அடைக்காது, கசியும். கசிந்தால் இன்னும் முறுக்குவார்கள். ஐந்து ரூபாய் சாமானை மாற்றாமல் விட்டதற்குத் தண்டனை மரைக்கு விழுகிறது. செம்பு வாஷரை அடுப்பில் மங்கிய சிவப்பாகக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் திரும்பவும் மெதுவாகும். பழைய மெக்கானிக்குகள் இதைச் செய்தார்கள், இன்றும் செய்யலாம். அலுமினிய வாஷரோடு அந்த விளையாட்டு வேண்டாம், புதியதே போட்டுவிடலாம்.

இன்னொரு காரணத்தை ஹார்டுவேர் கடையிலேயே பார்க்கலாம். அங்கே எம் 12 போல்ட் என்று கேட்டால் 1.75 பிட்ச் உள்ளதைத்தான் எடுத்துத் தருவார்கள், சாதாரண எம் 12 அதுதான். தலையளவும் தடிமனும் சரியாகத்தான் தெரியும். 1.25 பிட்ச் துளையில் அது ஒன்றிரண்டு சுற்று போய்ச் சிக்கும். 'புதுசு, அதான் டைட்டா இருக்கு' என்று தள்ளி முடுக்கினால் எஃகு அலுமினியத்தை உழுதுகொண்டே உள்ளே போகும். பிரிட்டிஷ் மரபில் வந்த பழைய எஞ்சின்களில் குழப்பம் இன்னும் அதிகம். ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரையின் கோணம் 55 டிகிரி, இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60. விட்டம் ஏறத்தாழ ஒத்துப்போனாலும் இரண்டும் ஒன்றோடொன்று சேராது. பழைய வண்டி எதுவானாலும் கையில் ஒரு திரெட் கேஜ் இல்லாமல் போல்ட் வாங்கப் போகக் கூடாது.

சூடாக இருக்கும்போது கழற்றியதால்தான் மரை போனது என்று அடிக்கடி சொல்லக் கேட்கலாம். அலுமினியம் எஃகைவிட இரு மடங்கு விரிவது உண்மை. ஆனால் 14 மி.மீ. துளையில், 80 டிகிரி வித்தியாசத்துக்கு, இரண்டுக்கும் இடையே வரும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு சொச்சம்தான். இதனால் மரை போனது என்பதை நான் நம்புவதில்லை. கை வெந்துபோகும் என்பதற்காகக் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் போதும்.

சரி, மரை போய்விட்டது. மரை வெட்டும் டேப் செட்டை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். துளையைத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். போல்ட்டின் நீளம் துளையின் ஆழத்தைவிடக் குறைவாக இருப்பது உண்டு. அப்படியானால் முன்பக்க மரைகள்தான் அறுந்திருக்கும், உள்ளே தொடாத மரைகள் மிச்சமிருக்கும். அதே விட்டம், அதே பிட்ச், நாலைந்து மி.மீ. கூடுதல் நீளம் உள்ள போல்ட் அந்த நல்ல மரைகளைப் பிடித்துக்கொள்ளும். உலோகம் எதையும் தின்னாத வைத்தியம் இது. போல்ட்டின் நுனி உள்ளே எதிலும் இடிக்கவில்லை என்பதை மட்டும் ஒரு கம்பியை விட்டு அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மரை முழுக்கப் போகாமல் தளர்ந்து மட்டும் இருந்தால், சாதா வாஷருக்குப் பதில் டௌட்டி வாஷர் போடலாம். எஃகு வளையத்தின் உள்விளிம்பில் ரப்பர் பிணைத்த வாஷர் அது. ரப்பர் கொஞ்ச அழுத்தத்திலேயே அடைத்துவிடுவதால் நோஞ்சான் மரையை வதைக்க வேண்டியதில்லை.

டெஃப்லான் டேப்பை இங்கே தள்ளிவிடலாம். மரை அடைக்கும் இடமே அல்ல என்னும்போது அதைச் சுற்றி என்ன பயன்? அது வழுவழுப்பைக் கூட்டி, முடுக்குபவர் கையை ஏமாற்றி, இருக்கிற மரையையும் அறுக்கும். போதாதற்கு அதன் நூல் பிய்ந்து உள்ளே போனால் ஆயில் பம்பின் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். எம்-சீல், அரால்டைட் வகையறாவுக்கும் இதே கதி. அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்சி, எஞ்சின் ஆயிலின் 90, 100 டிகிரிச் சூட்டில் வலுவிழந்துவிடும். போதாக்குறைக்கு, ஆயில் ஊறிய அலுமினியத்தில் பசை சரியாகப் பிடிப்பதே கிடையாது. நடு வழியில் மாட்டிக்கொண்டால் பக்கத்து ஊர்ப் பட்டறை வரை போவதற்கு ஆகலாம். அடைத்துவிட்டோம் என்று மறந்துபோனால், ஒரு நாள் போல்ட் விழுந்து ஒரு நிமிடத்தில் ஆயில் சாலையில் கொட்டிவிடும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பேரிங்கும் பிஸ்டனும் பிடித்துவிடும்.

அடுத்தது, தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் பெரிய போல்ட். கடையில் 'ஓவர்சைஸ்' என்று கேட்டால் தருவார்கள். நுனியில் டேப் போலக் காடி வெட்டியிருக்கும். பழைய துளையில் வைத்து முறுக்கினால் புது மரை உண்டாகும். சிலவற்றில் பெரிய போல்ட்டின் நடுவில் ஒரு சின்னப் போல்ட் இருக்கும். பெரியதை ஒருமுறை முடுக்கிவிட்டு அப்படியே விட்டுவிடலாம், அப்புறம் ஆயில் மாற்றச் சின்னதைக் கழற்றினால் போதும். யோசனை நல்லதுதான், குறை வெட்டுகிற விதத்தில் இருக்கிறது. வழிகாட்டும் துணை எதுவும் இல்லாமல் கையால் வெட்டும்போது போல்ட் நேராக ஏறும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இரண்டு டிகிரி சாய்ந்தாலும் தலை ஒரு பக்கம் மட்டும் முகத்தில் உட்காரும், மறுபக்கம் கசியும். கசிகிறதே என்று முடுக்கினால் பழைய கதை தொடங்கிவிடும். வெட்டிய துகளும் உள்ளேதான் விழும். தகட்டுச் சேம்பரில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், வார்ப்பு அலுமினியத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முறையாக அடுத்த சைஸுக்கு டேப் போடுவது வேறு. எம் 12 போனால் எம் 14 × 1.5; அதற்குத் துளை 12.5 மி.மீ. எம் 14 போனால் எம் 16 × 1.5, துளை 14.5. எண்ணைப் பாருங்கள்: மரை அறுந்த எம் 12 துளையின் விட்டம் ஏறத்தாழ 12 வந்திருக்கும், அரை மி.மீ. எடுத்தால் போதும். பணிமனைகளில் கிடைக்கும் மூன்று டேப் கொண்ட செட்டில் முதல் டேப்பை வைத்தே மெதுவாக இறக்கலாம். நேராக வெட்டினால் இது நல்ல வைத்தியம்தான். இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. புது மரையும் அதே அலுமினியத்தில்தான் இருக்கிறது, பழைய பழக்கம் மாறாவிட்டால் இதுவும் ஒருநாள் போகும். இரண்டாவது, துளையைச் சுற்றியுள்ள கட்டி எவ்வளவு தடிமன் என்பது. வெளிவிட்டம் 22 மி.மீ. உள்ள கட்டியில் எம் 16 போட்டால் சுற்றுச்சுவர் 3 மி.மீ.தான் மிஞ்சும், வாஷர் உட்கார வேண்டிய முகமும் அதே 3 மி.மீ.தான். அதற்கு மேல் பெரிதாக்க வழியில்லை.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. மரை போன துளையில் பைப் கடையில் கிடைக்கும் கூம்பு மரை பிளக்கை முடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கசிவு நின்றுவிடும், ஏனென்றால் கூம்பு மரையிலேயே அடைக்கும். ஆனால் கூம்பு என்றால் ஆப்பு. ஒவ்வொரு முறை முடுக்கும்போதும் அது கட்டியை உள்ளிருந்து விரிக்கிறது. வார்ப்பு அலுமினியம் வளைந்து கொடுக்காது, பிளக்கும். மரை போனதைச் சரிசெய்யலாம். கிராங்க்கேஸ் பிளந்தால் எஞ்சினையே இறக்க வேண்டும்.

இப்போது மரைக்குள் மரை வைக்கும் முறைகள். ஹெலிகாயில் 1930களில் அமெரிக்காவில் உருவாகி, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான எஞ்சின்களில் பரவியது. இலகுவான அலுமினியத்தில் ஸ்பார்க் பிளக்கைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் போட வேண்டியிருந்த இடம் அது. சாய்சதுரக் குறுக்குவெட்டுள்ள எவர்சில்வர் கம்பியைச் சுருளாக்கினால் அதன் வெளிப்புறமும் மரை, உட்புறமும் மரை. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பைப் போட்டு, சுருளை உள்ளே திருகிவிட்டால் பழைய அளவு போல்ட்டையே போடலாம். எம் 14 போல்ட்டுக்குத் துளை ஏறத்தாழ 14.5 மி.மீ.; டேப் போட்டபின் வெளிவிட்டம் 16-ஐ ஒட்டும். உலோகம் தின்னும் கணக்கில் இது எம் 16 போடுவதற்குச் சமம். கிடைக்கும் மரையோ எவர்சில்வர், அலுமினியத்தில் இருக்கும் பிடியும் பெரிய விட்டத்தில் பரவுகிறது. ஒட்டுமொத்தத்தில் புதிதாக இருந்ததைவிட வலுவாகவே ஆகிறது.

ஆனால் ஹெலிகாயில் இந்த இடத்துக்கென்று பிறந்ததல்ல, அதனால் மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். சுருளைத் திருகுவதற்காக அதன் அடி நுனியில் குறுக்கே ஒரு சின்ன வால் இருக்கும், போட்டபின் அதை உடைத்து எடுப்பார்கள். மூடிய துளையில் அது அடியிலேயே கிடந்தாலும் பாதகமில்லை. ஆயில் துளையோ மறுபக்கம் திறந்தது, உடைந்த வால் நேரே சேம்பருக்குள் போகும். நீண்ட மூக்குப் பிளையரால் பிடித்துக்கொண்டு உடைக்க வேண்டும், அல்லது வால் இல்லாத வகையை வாங்க வேண்டும். சுருளின் வெளி நுனி முகத்துக்குக் கீழே ஒரு மரை அளவுக்கு உள்வாங்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாஷர் கம்பி மேல் உட்கார்ந்து கசியும். துளை 16 ஆகிவிட்டதால் வாஷர் அதற்கு வெளியே உட்கார இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இவை தவிர, போல்ட்டின் நுனியில் பிசிறு இருந்தால் கழற்றும்போது சுருளும் கூடவே வந்துவிடும். ஆயில் போல்ட்டை அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதால் இது சின்னக் குறையல்ல.

இந்தக் குறைகளெல்லாம் இல்லாதது திடமான புஷ். உள்ளேயும் வெளியேயும் மரை வெட்டிய எஃகுக் குழல், மேல்விளிம்பில் ஒரு காலர். அமெரிக்காவில் டைம்-சர்ட் என்ற பெயரில் இதற்கென்றே செட் கிடைக்கிறது. அதன் கடைசி மரைகளைப் பொருத்தும் கருவியே விரித்து இறுக்கிவிடுவதால் புஷ் திரும்பி வராது. அந்த செட்டின் விலையைப் பார்த்தால் நம் ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள், வாங்கவும் தேவையில்லை. லேத்காரரிடம் போனால் அரை மணியில் கடைந்து தருவார். எம் 12 போல்ட்டுக்கு வெளியே எம் 18 × 1.5 வைத்தால், மரைப் பள்ளத்தைக் கழித்து இரண்டு மி.மீ. சுவர் மிஞ்சும், அது போதும். இவ்வளவு உலோகம் கட்டியில் இருக்கிறதா என்பதை முதலில் வெர்னியர் வைத்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் எம் 16 வெளிமரையோடு நின்றுகொள்ளலாம். பித்தளை வேண்டாம், எஃகு கேளுங்கள். காலரின் மேல்முகத்தை லேத்திலேயே மரைக்குச் செங்குத்தாகச் சீவித் தரச் சொல்ல வேண்டும். இனி வாஷர் உட்காரப்போவது அந்த முகத்தில்தான், பழைய முகத்தில் எத்தனை கீறல் இருந்தாலும் கவலை இல்லை. புஷ்ஷின் வெளிமரையில் லாக்டைட் வகைச் சிவப்புப் பசை வைத்து முடுக்க வேண்டும். அது 150 டிகிரி வரை தாங்கும். துளையில் ஆயில் ஈரம் இருந்தால் அந்தப் பசையும் பிடிக்காது. சேம்பர் சுவரில் ஒட்டியிருக்கும் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கும். வண்டியை ஒரு ராத்திரி வடியவிட்டு, பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்துக் காயவைத்தபின் போட வேண்டும். பசை இறுக ஒரு நாள் விட வேண்டும். அவசரக்காரர்கள் அதே மாலையில் ஆயில் ஊற்றி வண்டியை எடுத்துப் போவதால்தான் புஷ் போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது, பழி முறையின் மேல் விழுகிறது.

உலோகம் தின்னும் கணக்கில் புஷ்தான் அதிகம் தின்கிறது. ஆனாலும் வார்ப்பு அலுமினியத்துக்கு என் வாக்கு அதற்கே. உள்மரை எஃகு என்பதால் தேய்ந்தால் புஷ்ஷைத்தான் மாற்ற வேண்டிவரும். சூடாக்கிப் பசையை இளக்கிக் கழற்றினால் கட்டியின் மரை அப்படியே இருக்கும். பெரிய போல்ட்டுக்கு ஏறுவதிலோ, ஒவ்வொரு தோல்விக்கும் கட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிகொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

எந்த முறையானாலும் துகள் பிரச்சினை ஒன்றே. எஞ்சினிலிருந்து சேம்பரைக் கழற்ற முடிகிற காரில் கழற்றிவிட வேண்டும். பெஞ்சில் வைத்து டிரில்லிங் மெஷினில் நேராகத் துளையிட்டு, கழுவி, புதுப் பேக்கிங் வைத்து மாட்டலாம். பைக்கில் அந்த வசதி இல்லை, அடியில் இருப்பது கிராங்க்கேஸேதான். கையால் பிடிக்கும் டிரில்லை அங்கே கொண்டுபோகக் கூடாது, அலுமினியத்தில் பிட் கவ்வி இழுத்துக்கொண்டு உள்ளே பாயும். ரீமரோ டேப்போ கையால் திருகித்தான் பெரிதாக்க வேண்டும். டேப்பிலும் வகை பார்க்க வேண்டும். நுனி சாய்வாகச் சீவிய டேப் துகளை முன்னால், அதாவது எஞ்சினுக்குள், தள்ளும். காடி சுருளாக இருக்கும் டேப் துகளைத் தன் பக்கம் இழுத்து வெளியே தரும். சாதாரண நேர்க்காடி டேப் என்றால் காடிகளில் கிரீஸை அப்பிக்கொண்டு, அரைச் சுற்று முன்னே போய்க் கால் சுற்று பின்னே வந்து, இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்துப் புதுக் கிரீஸ் வைக்க வேண்டும். அந்தக் கிரீஸைத் துணியில் தேய்த்துப் பார்த்தால் எத்தனை மினுமினுப்பு என்று தெரியும். அத்தனையும் உள்ளே போயிருக்க வேண்டியது. கூடவே ஆயில் ஊற்றும் வாய் வழியாக மெல்லக் காற்று விட்டால் துகள் துளை வழியே வெளியே வரும்.

அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, அதனால் காந்தப் போல்ட் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஆயில் பம்ப் ஃபில்டருக்கு முன்னால் இருக்கிறது என்பதும் பலருக்குத் தோன்றாது. துகள் முதலில் பம்பின் பற்களுக்கு நடுவே போகும், அப்புறம்தான் ஃபில்டர். ஸ்பிளெண்டர் வழி வந்த 100 சிசி எஞ்சின்களில் காகித ஃபில்டரே கிடையாது. ஒரு வலையும், கிராங்கின் வேகத்தில் அழுக்கை ஓரமாக ஒதுக்கும் சுழல் ஃபில்டரும்தான். வேலை முடிந்ததும் போல்ட்டைப் போடாமலே, விலை குறைந்த ஆயிலை அரை லிட்டர் மேலிருந்து ஊற்றி அடியில் வெள்ளைத் துணியில் பிடிக்க வேண்டும். துணியில் மினுக்கம் நிற்கும் வரை ஊற்ற வேண்டும். நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கும் இடம் இது அல்ல.

தகட்டுச் சேம்பர் உள்ள கார்களுக்கு இவ்வளவு விவாதம் தேவையில்லை. அச்சில் அழுத்தி உருவாக்கிய எஃகுத் தகட்டின் உட்புறம் தடித்த நட் ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள், மரை அதில்தான். மரை போனால் சேம்பரைக் கழற்றி அந்த நட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது பற்றவைக்கலாம். உள்ளே ஆயில் ஆவி துளியும் இல்லாதபடி கழுவியபின்தான் நெருப்பைக் கொண்டுபோக வேண்டும். அதிக ஓட்டம் கண்ட மாடல்களுக்கு மாற்றுச் சேம்பரே குறைந்த விலைக்குக் கிடைக்கும், துருப்பிடித்த பழசுக்குச் செலவு செய்வதைவிட அது மேல்.

அலுமினியத்தில் ஆர்கான் வெல்டிங் கடைசிக்கு முந்திய வழி. கட்டி பிளந்துவிட்டது, புஷ் வைக்கச் சுவர் இல்லை என்றால் அடைத்துப் புதிதாகத் துளையிடுவதைத் தவிர வேறில்லை. வருடக்கணக்கில் ஆயில் ஊறிய வார்ப்பைச் சூடாக்கினால் நுண்துளைகளிலிருந்து ஆயில் பொங்கிக் கறுப்பாக வரும்; அழுத்த வார்ப்புக்குள் அடைபட்ட காற்றும் கொப்பளிக்கும். நல்ல வெல்டர் முதலில் சூடேற்றி ஆயிலை எரித்து, கறையைச் சீவி, திரும்பவும் எரித்து, அதன் பிறகுதான் கம்பியைத் தொடுவார். அவசரப்பட்டால் வெல்டிங் முழுக்கப் பொடித்துளையாகி, துளை போட்டதும் அதிலேயே கசியும். கிராங்க்கேஸில் இன்னொரு பயமும் உண்டு: பேரிங் உட்காரும் இடம் சூட்டில் கோணினால் எஞ்சின் முழுக்கப் பாழ். அடைத்த உலோகமும் மெதுவானது, அதில் நேரடியாக மரை வெட்டாமல் புஷ்ஷோ சுருளோ வைப்பதே சரி.

பைக்கில் கிராங்க்கேஸையே மாற்றலாம் என்பவர்கள் ஒரு காகித விவகாரத்தை மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருப்பது அந்த வார்ப்பில்தான், அதே எண்தான் ஆர்.சி. புத்தகத்திலும் இருக்கிறது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கேஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினால் அதோடு வேறொரு வண்டியின் எண்ணும் வந்து சேரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறையாகப் பதியாமல் விட்டால், விற்கும்போதோ எஃப்.சி.யின்போதோ இன்ஷூரன்ஸிலோ கேள்வி வரும். ஒரு போல்ட் துளைக்காக எஞ்சின் எண்ணை இழப்பது என்ன கணக்கு? பழைய வண்டிகளில் கட்டியின் உலோகத்தை இவ்வளவு சிக்கனமாகப் பார்க்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

சரிசெய்த துளையைத் திரும்பத் திரும்பத் தொடாமல் இருக்கவும் வழிகள் உண்டு. கார்களில் டிப்ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய குழல் விட்டு ஆயிலை உறிஞ்சி எடுக்கலாம். அடிக்கசடு கொஞ்சம் தங்கும், இரண்டு மூன்று முறைக்கு ஒருமுறை போல்ட்டைக் கழற்றி வடித்தால் போதும். ஜப்பானின் ஃபுமோட்டோ போன்ற வடிகால் வால்வை ஒருமுறை முடுக்கிவிட்டால் அதன் பிறகு விரலால் திறந்து மூடினால் ஆகிவிடும். ஆனால் அது கீழே நீட்டிக்கொண்டிருக்கும், நம் ஊர் வேகத்தடைகளை நினைத்தால் தரை இடைவெளி நிறைய உள்ள வண்டிகளுக்கு மட்டுமே சரி.

வேலை முடிந்தபின் ஆயில் ஊற்றி, எஞ்சினைச் சூடாகும் வரை ஓடவிட்டு, அடியில் காகிதம் விரித்து ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். அடுத்த நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை துடைத்துப் பார்த்தால் போதும். புது அளவு என்ன, எந்த வாஷர், எவ்வளவு முறுக்கு என்பதைச் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, போல்ட் தலைக்குப் பக்கத்தில் பெயின்டால் ஒரு குறியும் வைத்துவிட வேண்டும். அடுத்த முறை வேறு பட்டறைக்கு வண்டி போகலாம். அங்கே இருக்கும் பையன் வழக்கமான 17 நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வருவான், அது பொருந்தவில்லை என்றால் பைப் ரென்ச்சைத் தேடுவான்.